ஹைட்ரஜனுக்கு வழிவிட்ட உலோகம்: அறிஞர் தாமஸ் கிரஹாம் வாழ்க்கை வரலாறு

 

நியூட்டன், எடிசன், மேரி கியூரி, நம்ம சர் சி.வி. ராமன் இவங்க வரலாறெல்லாம் சுவர் இதழ்ல அடிக்கடி வருது. அதனால் இந்தத் தடவை நம்ம பள்ளியில் யாரும் எழுதாத ஒருத்தரை எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். அவர்தான் தாமஸ் கிரஹாம். பதினோராம் வகுப்பு வேதியியல் படிக்கிற அக்காக்களைக் கேட்டால் கிரஹாம் விதி என்று உடனே சொல்வாங்க. ஆனால் அந்த விதிக்குப் பின்னால் இருக்கிற மனுஷனைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது.

இவர் பிறந்தது ஸ்காட்லாந்து நாடு. இறந்து 150 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் மணலி, எண்ணூர், ராயபுரம் இந்த மூணு இடத்திலும் அவர் கண்டுபிடித்த விஷயங்கள் இன்றைக்கும் நம்ம ஜனங்க வாழ்க்கையைத் தொடுது. எப்படி என்று வாங்க, பார்ப்போம்.

பிறப்பும் இளமையும்

தாமஸ் கிரஹாம் 1805-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரில் பிறந்தார். கிளாஸ்கோவும் நம்ம வடசென்னை மாதிரிதான். ஆறு, துறைமுகம், மில்லு, புகைபோக்கி, கப்பல் இதெல்லாம் நிறைஞ்ச ஊர். அவருடைய அப்பா ஜேம்ஸ் கிரஹாம் துணி வியாபாரத்தில் நல்லா சம்பாதித்தவர். வீட்டில் சாப்பாட்டுக்கோ பணத்துக்கோ கஷ்டம் இல்லை.

1819-ஆம் ஆண்டு கிரஹாம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 14 கூட நிறையவில்லை. அதாவது நம்ம ஒன்பதாம் வகுப்பு வயசு! அந்தக் காலத்தில் அங்கே அந்த வயசிலேயே காலேஜில் சேர்த்துக்குவாங்களாம். அங்கே தாமஸ் தாம்சன் என்ற பேராசிரியர் வேதியியல் நடத்தினார். அந்த வகுப்பில் உட்கார்ந்த பிறகு கிரஹாமுக்கு வேற எதிலும் மனசு போகவில்லை. இனி என் வாழ்க்கை வேதியியல்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

அப்பாவின் எதிர்ப்பு

இங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. அப்பாவுக்கு ஒரே ஆசை. பையன் ஸ்காட்லாந்து திருச்சபையில் போதகர் ஆகணும். அது மரியாதையான வேலை, நிரந்தரமான வேலை. வேதியியல் என்பது அந்தக் காலத்தில் சோறு போடுகிற படிப்பே இல்லை. அப்பா பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. கோபம் முற்றி, படிப்புக்குக் கொடுத்த பணத்தை அப்பா நிறுத்திவிட்டார்.

கிரஹாம் எடின்பரோ நகரத்துக்குப் போய் அங்கே பேராசிரியர் ஹோப் என்பவரிடம் படிப்பைத் தொடர்ந்தார். அந்தக் கஷ்டமான நாட்களில் அவருக்குப் பக்கபலமாக நின்றது அம்மாவும் உடன்பிறந்த சகோதரியும்தான். தன் ஆராய்ச்சியைப் பற்றியும், கையில் காசில்லாத நிலைமையைப் பற்றியும் அவங்களுக்குத்தான் கடிதம் எழுதுவார். எழுத்து வேலை செய்து முதன்முதலாகக் கையில் காசு வந்தபோது, அவர் தனக்கென்று எதுவும் வாங்கவில்லை. அம்மாவுக்கும் சகோதரிக்கும் பரிசு வாங்கி அனுப்பினார்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் மனசில் பட்டது. அண்ணன் தம்பி படிக்கணும் என்று உதவி செய்த அந்தச் சகோதரிக்குப் பல்கலைக்கழகத்தின் கதவே திறக்கவில்லை. ஏன்னா கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1892-ஆம் ஆண்டில்தான். அதாவது கிரஹாம் இறந்து 23 வருஷம் கழித்து. அவருக்கும் அறிவியல் ஆசை இருந்ததா, இல்லையா என்று கேட்க யாருமே இல்லை. நம்ம வகுப்பில் இன்றைக்கு 14 வயசுப் பெண் பிள்ளைகள் வேதியியல் படிக்கிறோம் என்றால் அது சும்மா கிடைத்தது இல்லை, தோழிகளே.

வேலையும் மாணவர்களும்

எடின்பரோவிலிருந்து திரும்பி வந்த கிரஹாம் கிளாஸ்கோவில் தனியாக டியூஷன் எடுத்துப் பிழைத்தார். பிறகு தொழிலாளர்களுக்குப் பாடம் நடத்துகிற ஒரு கல்விக்கூடத்தில் வேலை கிடைத்தது. 1830-ஆம் ஆண்டு ஆண்டர்சன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் ஆனார். அப்போது வயது 24.

அங்கே அவரிடம் பாடம் கேட்டவர்களில் இரண்டு பேரைச் சொல்லியே ஆகணும். ஒருவர் டேவிட் லிவிங்ஸ்டன். பின்னால் ஆப்பிரிக்காவுக்குப் போய் உலகப் புகழ் பெற்ற பயணி. இன்னொருவர் ஜேம்ஸ் யங். இவர் தச்சு வேலை செய்கிற குடும்பத்துப் பையன். கிரஹாம் இவரைத் தன் உதவியாளராகவே வைத்துக்கொண்டார். இந்த ஜேம்ஸ் யங்தான் 1850-ஆம் ஆண்டு நிலக்கரியிலிருந்து பாரஃபின் எண்ணெய் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். எண்ணெய் சுத்திகரிப்புத் தொழிலுக்கு அடிபோட்டவர்களில் ஒருவர் என்று இவரைச் சொல்லுவார்கள். மணலி பக்கம் பஸ்ஸில் போகும்போது தெரிகிற அந்த உயரமான கோபுரங்களுக்கும் கிரஹாமின் வகுப்பறைக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்கு!

1837-ஆம் ஆண்டு கிரஹாம் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்குப் பேராசிரியராகப் போனார். 1841-ஆம் ஆண்டு லண்டனில் வேதியியல் சங்கம் ஆரம்பித்தபோது அதன் முதல் தலைவர் இவர்தான். இவர் எழுதிய வேதியியல் பாடநூலைப் பல நாட்டு மாணவர்கள் படித்தார்கள்.

விரிசல் விட்ட ஜாடி

கிரஹாம் விதி எப்படி வந்தது தெரியுமா? ஒரு விரிசல் விட்ட கண்ணாடி ஜாடியிலிருந்து!

ஜெர்மனியில் டோபரைனர் என்று ஒரு வேதியியல் அறிஞர் இருந்தார். (தனிம வரிசை அட்டவணைப் பாடத்தில் மும்மை விதி என்று வருமே, அவரேதான்.) அவர் ஒரு ஜாடியில் ஹைட்ரஜனைப் பிடித்துத் தண்ணீரில் கவிழ்த்து வைத்திருந்தார். ஜாடியில் லேசாக ஒரு விரிசல். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஜாடிக்குள் தண்ணீர் மேலே ஏறி நிற்கிறது. ஏன் என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

கிரஹாம் அதையே எடுத்துக்கொண்டு யோசித்தார். ஹைட்ரஜன் வெளியே போகிறது சரி. அதே விரிசல் வழியாகக் காற்றும் உள்ளே வரத்தானே வேண்டும்? அப்போ தண்ணீர் ஏன் ஏறணும்? ஹைட்ரஜன் வெளியே போகிற வேகம் அதிகம், காற்று உள்ளே வருகிற வேகம் கம்மி. அதனால்தான் உள்ளே இடம் காலியாகி தண்ணீர் ஏறுகிறது என்று கண்டுகொண்டார். விரிசலை நம்பி அளவு எடுக்க முடியாது என்பதால், ஒரு கண்ணாடிக் குழாயின் முனையை பாரிஸ் சாந்தால் அடைத்தார். பிள்ளையார் பொம்மை செய்கிற அதே பாரிஸ் சாந்துதான். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய இருக்கும். அதை வைத்து ஒவ்வொரு வாயுவாக அளந்தார். காற்றைவிட ஹைட்ரஜன் ஏறக்குறைய 3.8 மடங்கு வேகமாக வெளியேறியது.

இப்படித்தான் 1833-ஆம் ஆண்டு கிரஹாம் விதி அச்சில் வந்தது. ஒரு வாயு விரவும் வேகம் அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். சுலபமாகச் சொன்னால், எடை குறைந்த வாயு வேகமாகப் பரவும், எடை கூடின வாயு மெதுவாகப் பரவும். ஆக்சிஜன் மூலக்கூறு ஹைட்ரஜன் மூலக்கூறைவிட 16 மடங்கு கனம். 16-க்கு வர்க்கமூலம் 4. அதனால் ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் போல 4 மடங்கு வேகம். கணக்கு எவ்வளவு சுத்தமா வருது பாருங்க!

எண்ணூரில் ஓர் இரவு

இந்த விதி பரீட்சைக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி நடுராத்திரி நெருங்குகிற நேரம், எண்ணூரில் கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கத்து ஜனங்கள் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார்கள். கண் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று நிறைய பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17. காற்றின் சராசரி எடை 29 அளவுக்கு இருக்கும். அப்படியென்றால் கிரஹாம் விதிப்படி அம்மோனியா காற்றைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு வேகமாக விரவும். மூடின ரூமில் ஒரு மூலையில் கசிந்தாலும் சீக்கிரமே எல்லா மூலைக்கும் போய்ச் சேரும். திறந்தவெளியில் இதோடு கடல் காற்றும் சேர்ந்துகொள்ளும். அங்கே காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதுதான் ரொம்ப முக்கியம். அதனால் வாயு கசிந்தால் காற்று போகிற திசையிலேயே ஓடக்கூடாது, அதற்குக் குறுக்கே விலகிப் போகணும். அம்மோனியா தண்ணீரில் நல்லா கரையும். ஆகவே ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொள்வது நல்லது. தயவுசெய்து இந்த இரண்டு வரியை மட்டுமாவது வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள்.

லண்டன் தங்கசாலை

1855-ஆம் ஆண்டு கிரஹாமுக்கு ஒரு பெரிய பதவி கிடைத்தது. லண்டனில் உள்ள அரசு நாணயச் சாலைக்கு, அதாவது தங்கசாலைக்கு அவர் தலைவர் ஆனார். முன்பு சர் ஐசக் நியூட்டன் இருந்த அதே பதவி! நம்ம சென்னையிலும் அந்தக் காலத்தில் நாணயம் அடிக்கிற சாலை இருந்தது. அதனால்தான் இன்றைக்கும் தங்கசாலைத் தெரு என்றும், மின்ட் பஸ் ஸ்டாண்ட் என்றும் சொல்கிறோம். காய்கறி வாங்க மின்ட்டுக்குப் போகிறவர்கள் இனிமேல் கிரஹாமையும் நினைத்துக்கொள்ளலாம்.

அவர் தலைவராக இருந்தபோது, 1860-ஆம் ஆண்டு, செம்புக் காசை நிறுத்திவிட்டு வெண்கலக் காசு கொண்டுவந்தார்கள். செம்பு மட்டும் என்றால் சீக்கிரம் தேயும். அதில் கொஞ்சம் வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்த்தால் உறுதி கூடிவிடும். இதுதான் உலோகக்கலவை. ஒரு உலோகத்தோடு இன்னொன்று கொஞ்சம் சேர்ந்தால் குணமே மாறிப்போகும் என்பதை அவர் தினமும் பட்டறையில் பார்த்துக்கொண்டிருந்தார். இது பின்னால் அவருடைய கடைசி ஆராய்ச்சிக்கு உதவியது.

கூழும் டயாலிசிசும்

பெரிய பதவி கிடைத்தும் கிரஹாம் ஆராய்ச்சியை விடவில்லை. 1861-ஆம் ஆண்டு இன்னொரு அருமையான கண்டுபிடிப்பை வெளியிட்டார். தோல் மாதிரி பதப்படுத்தின காகிதம் ஒன்றை எடுத்து, நம்ம மாவு சலிக்கிற சல்லடை மாதிரி ஒரு வளையத்தில் இழுத்துக் கட்டினார். அதில் ஒரு திரவத்தை ஊற்றி, தண்ணீர் நிறைந்த தொட்டியில் மிதக்கவிட்டார். உப்பு, சர்க்கரை போன்ற சின்னத் துகள்கள் காகிதம் வழியாகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. பசை, ஜெலட்டின், முட்டை வெள்ளைக்கரு போன்றவை இறங்காமல் மேலேயே நின்றுவிட்டன.

இப்படி நின்றுபோன வகைக்கு அவர் வைத்த பெயர்தான் கொல்லாய்டு. கிரேக்க மொழியில் பசை என்று அர்த்தம். தமிழில் நாம் கூழ்மம் என்று படிக்கிறோம். ஆடி மாசம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழை நினைத்துக்கொண்டால் இந்தப் பெயர் மறக்கவே மறக்காது. பிரிக்கிற முறைக்கு அவர் வைத்த பெயர் டயாலிசிஸ்.

அதே சோதனையில் அவர் சிறுநீரை ஊற்றிப் பார்த்தார். அதில் இருந்த யூரியா காகிதம் வழியாக வெளியே வந்துவிட்டது. யூரியாதான் நம்ம ரத்தத்தில் சேருகிற கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றவில்லை என்றால் உயிருக்கே ஆபத்து. கிரஹாம் செய்ததை வைத்து 1924-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஜார்ஜ் ஹாஸ் என்ற டாக்டர் முதன்முதலாக மனிதருக்கு டயாலிசிஸ் செய்தார். 1943-ஆம் ஆண்டு, உலகப்போர் நடக்கும்போதே, நெதர்லாந்து நாட்டு டாக்டர் வில்லம் கோல்ஃப் செலோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் செய்தார்.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிற மாமா ஒருத்தர் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் ராயபுரம் பக்கம் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் செய்யப் போவார். ஒரு தடவை உட்கார்ந்தால் நாலு மணி நேரம். போகும்போது முகமெல்லாம் வீங்கி இருக்கும். வரும்போது களைத்துப்போய் வந்தாலும், மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மெஷினுக்குள் இருக்கிற அந்தச் சவ்வு 1861-இல் கிரஹாம் கட்டின காகிதத்தோட பேரப்பிள்ளைதான். இதை அந்த மாமாவிடம் சொன்னபோது, அந்த ஆள் நல்லா இருக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பல்லேடியம் என்ற அதிசய உலோகம்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பாரிஸ் சாந்து வழியாக வாயு போகும், காகிதம் வழியாக உப்பு போகும், சரி. ஆனால் ஓட்டையே இல்லாத கெட்டி உலோகம் வழியாக ஏதாவது போகுமா?

போகும் என்று காட்டினார்கள். 1863-ஆம் ஆண்டு பிரான்சில் டெவில், ட்ரூஸ்ட் என்ற இரண்டு பேர், சூடான பிளாட்டினமும் இரும்பும் ஹைட்ரஜனை உள்ளே விடுகின்றன என்று கண்டார்கள். கிரஹாம் அதைப் பல்லேடியத்தில் செய்து பார்த்தார். பல்லேடியம் என்பது வெள்ளி மாதிரி பளபளப்பாக இருக்கும், பிளாட்டினம் குடும்பத்து உலோகம். 1866-இல் அவர் கண்டது எல்லாரையும் வியக்க வைத்தது. ஒரு துண்டு பல்லேடியம் தன் கன அளவைப் போல 600 மடங்குக்கு மேல் ஹைட்ரஜனைக் குடித்துவிட்டது! மின்சாரம் செலுத்திச் செய்தபோது 900 மடங்குக்கு மேல் போனது. ஒரு சின்ன டம்ளர் உள்ள இடத்தில் 900 டம்ளர் வாயுவை அடைத்த மாதிரி.

அதைவிடப் பெரிய அதிசயம் என்னவென்றால், சூடான பல்லேடியக் குழாயைச் சுற்றி நிலக்கரி வாயுவைச் செலுத்தினார். அதில் பல வாயுக்கள் கலந்து இருக்கும். ஆனால் உலோகச் சுவரைத் தாண்டி வந்தது ஹைட்ரஜன் மட்டும்தான். மற்ற எல்லாம் வெளியிலேயே நின்றுவிட்டன. ஆள் பார்த்து உள்ளே விடுகிற துறைமுக கேட் மாதிரி!

இன்னொன்றும் பார்த்தார். பல்லேடியத்துக்குள் இருந்து வருகிற ஹைட்ரஜன் ரொம்பச் சுறுசுறுப்பானது. சாதாரண ஹைட்ரஜனும் குளோரினும் இருட்டில் சும்மா இருக்கும், சேராது. பல்லேடியத்தில் ஏறின ஹைட்ரஜன் இருட்டிலேயே குளோரினோடு சேர்ந்துவிட்டது. இரும்பு உப்புக்களையும் மாற்றிவிட்டது. காரணம் பிற்கால விஞ்ஞானிகளுக்குத்தான் முழுசாகப் புரிந்தது. ஹைட்ரஜன் எப்போதும் இரண்டு அணுவாக ஜோடி சேர்ந்தே இருக்கும். பல்லேடியத்தின் மேல் பட்டதும் அந்த ஜோடி பிரிகிறது. தனித்தனி அணுக்கள் உலோக அணுக்களின் இடைவெளி வழியாக நுழைந்து மறுபக்கம் வருகின்றன. அங்கே மறுபடி ஜோடி சேரும். சேருவதற்குள் வேறு மூலக்கூறு பக்கத்தில் இருந்தால் உடனே அதோடு ஒட்டிக்கொள்ளும். இப்படித் தான் மாறாமல் மற்றதை வேகப்படுத்துவதுதான் வினையூக்கி.

ஆனால் ஒரு குறை. ஹைட்ரஜனை ஏற்றியதும் பல்லேடியக் கம்பி நீண்டது. வெளியேற்றியதும் முன்பைவிடச் சுருங்கிப்போனது. இப்படி உப்பி உப்பிச் சுருங்கினால் மெல்லிய தகடு வெடித்துவிடும். கிரஹாம் தன் கடைசி வருஷத்தில் பல்லேடியத்தோடு வெள்ளி, தங்கம், பிளாட்டினம் இவற்றைக் கலந்து உலோகக்கலவை செய்து சோதித்தார். பிற்காலத்தில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளி கலந்த பல்லேடியம்தான் உடையாமல் நிற்கிறது என்று உறுதியானது. ஹைட்ரஜனைச் சுத்தம் செய்ய உலகம் முழுவதும் இன்றும் அந்தக் கலவையைப் பயன்படுத்துகிறார்கள்.

அவருக்குப் பின்

1960-களில் ரஷ்யாவில் கிரியாஸ்னோவ் என்ற விஞ்ஞானி இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனார். பல்லேடியக் கலவைத் தகட்டை நடுச்சுவராக வைத்தார். ஒரு பக்கம் ஹைட்ரஜனை இழக்கிற வினை. மறுபக்கம் ஹைட்ரஜன் தேவைப்படுகிற வினை. இந்தப் பக்கம் கழன்ற ஹைட்ரஜன் சுவர் வழியாகப் போய் அந்தப் பக்கம் சேர்ந்துகொள்ளும். ஹைட்ரஜனை இழக்கிற வினைக்கு வெப்பம் வேண்டும், ஏற்கிற வினை வெப்பத்தை வெளிவிடும். ஆக ஹைட்ரஜன் அங்கே போகிறது, வெப்பம் இங்கே வருகிறது. பக்கத்து வீட்டுக்குச் சுவர் மேலாகக் குழம்பைக் கொடுத்துவிட்டு ரசம் வாங்குகிற மாதிரி!

2018-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் அம்மோனியாவைப் பிரித்து, உலோகச் சவ்வு வழியாகச் சுத்தமான ஹைட்ரஜனை எடுத்து, அதில் கார் ஓட்டிக் காட்டியது. அந்தக் காரிலிருந்து புகை வராது, தண்ணீர் ஆவிதான் வரும்.

நம்ம ஊரில் என்ன இருக்கிறது?

1. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. டீசலில் உள்ள கந்தகத்தை நீக்க இப்படிப்பட்ட ஆலைகளில் ஹைட்ரஜனைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே வினையூக்கி பல்லேடியம் இல்லை, கோபால்ட்டோ நிக்கலோ மாலிப்டினத்தோடு சேர்ந்தது. கந்தகம் பட்டால் பல்லேடியம் கெட்டுவிடும். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் டீசலில் கந்தகம் 10 லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம்.

2. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பல் ஏறக் கார்கள் வரிசையாக நிற்கும். பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கிப் பெட்டியில் கொஞ்சம் பல்லேடியம் இருக்கும். விஷப்புகையைக் குறைப்பது அதன் வேலை.

3. பெரிய அனல்மின் நிலையங்களில் ஜெனரேட்டரைக் குளிரவைக்க ஹைட்ரஜனை நிரப்புவார்கள். சின்ன இடுக்கு இருந்தாலும் அது வேகமாக வெளியேறும். அதனால் ரொம்பக் கவனமாக அடைத்து வைப்பார்கள். காரணம் கிரஹாம் விதியேதான்.

4. 2025 ஜூலையில் பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இல் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியைச் சோதனை செய்தார்கள்.

மறைவு

கிரஹாம் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1862-ஆம் ஆண்டு இங்கிலாந்து ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் பெற்றார். ஹைட்ரஜன் ஒரு உலோகத்தின் ஆவி போன்றது, பல்லேடியத்தில் அது கலவையாகவே சேர்கிறது என்று அவர் நம்பினார். அதற்கு ஹைட்ரஜனியம் என்று பெயரிட்டு, ஹைட்ரஜன் ஏறிய பல்லேடியத்திலேயே 1869-இல் சிறு பதக்கங்கள் அடித்தார். தங்கசாலைத் தலைவர் அல்லவா! ஹைட்ரஜன் உலோகமாக அங்கே இல்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அவர் எடுத்த அளவுகள் நின்றன.

அதே 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி லண்டனில் காலமானார். வயது 63. அவருக்குப் பிறகு தங்கசாலைத் தலைவர் பதவியைத் தனியாக யாருக்கும் கொடுக்கவில்லை. நிதி அமைச்சர் பதவியோடு சேர்த்துவிட்டார்கள். கிளாஸ்கோ நகரின் நடுச் சதுக்கத்தில் 1872-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்தச் சிலைக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? அவருடைய பழைய மாணவர், தச்சர் வீட்டுப் பிள்ளை, எண்ணெய்த் தொழிலில் பணக்காரரான ஜேம்ஸ் யங்!

நாம் அறிந்துகொள்வது

கிரஹாம் வாழ்நாள் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்டார். எது எதன் வழியாகப் போகும், எது போகாது? பாரிஸ் சாந்து, காகிதம், உலோகம் என்று பொருளைத்தான் மாற்றினார். கேள்வியை மாற்றவில்லை.

நம்ம மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கம்பெனிகளைச் சுற்றித்தான் நம்ம வீடுகள் இருக்கின்றன. பத்தாவது முடித்ததும் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடலாம், இல்லை கல்யாணம் பண்ணிவிடலாம் என்று பேசுகிற வீடுகளும் உண்டு. எந்த வாயு எந்தக் குழாயில் போகிறது, கசிந்தால் என்ன ஆகும், எப்படித் தடுக்கலாம் என்று தெரிந்த ஆட்கள் நம்ம தெருவிலிருந்தே வரணும். அதுக்கு வேதியியல் படிக்கணும். அப்பா மறுத்தபோது அம்மாவும் சகோதரியும் கிரஹாமுக்குத் துணை நின்ற மாதிரி, நம்ம வகுப்பில் யாராவது படிப்பை நிறுத்தப் போகிறாள் என்றால் நாம் துணை நிற்போம். டீச்சரிடம் சொல்வோம், வீட்டுக்குப் போய்ப் பேசச் சொல்வோம்.

யோசித்து விடை சொல்லுங்கள்: 100 செ.மீ. நீளக் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அம்மோனியா நனைத்த பஞ்சு, மறு முனையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நனைத்த பஞ்சு. இரண்டு வாயுவும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை வளையம் தோன்றும். அது அம்மோனியா முனையிலிருந்து ஏறக்குறைய எத்தனை செ.மீ. தூரத்தில் இருக்கும்? (அம்மோனியா 17, ஹைட்ரஜன் குளோரைடு 36.5) விடையைத் தாளில் எழுதிப் பெயர், வகுப்புடன் அறிவியல் டீச்சரிடம் கொடுக்கவும். சரியான விடை அடுத்த இதழில் வரும்.



எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு